கார் கொதித்தது! சரி செய்வதா, தள்ளி விடுவதா?

வீட்டுக் குறிப்பும் குழந்தை வளர்ப்பும் வருகிற பக்கத்தில் கார் எஞ்சின் சமாசாரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் நியாயம்தான். ஆனால் 2023 மே மாதத்தில் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வேறு பேச்சே கிடையாது. கடைசியில் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்து முடிவுக்குக் கொண்டு வந்தது நான்தான். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சேரன்மகாதேவி. என் மாமனார் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2004-ல் கைக்கு வந்த பணத்தில் வெள்ளை மாருதி 800 ஒன்று புதிதாக வாங்கினார். அவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. கார் மட்டும் நிற்கிறது. என் கணவருக்கு அதன் மேல் தனிப் பாசம். ஸ்டீயரிங்கில் அப்பா கை பட்ட இடம் வழவழவென்று இருக்கிறது என்பார்.

எனக்குப் பாசத்தைவிடத் தேவை பெரிது. என் அத்தைக்கு (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது) வீசிங் உண்டு. 2022 மார்கழியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவரைப் பின் சீட்டில் சாய்த்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனோம். 108-ஐக் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிடத்தான் வேண்டும், இப்போது எங்களுக்கும் அந்தப் புத்தி வந்திருக்கிறது. ஆனால் வாசலில் வண்டி நிற்கும்போது கை தானாகச் சாவியைத்தான் தேடுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அக்னி நட்சத்திர வெயில். பாபநாசத்துக்கு ஐந்து பேர் கிளம்பினோம். ஏ.சி. முழுவதும் திருகி வைத்திருந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன முள்ளைத் தற்செயலாகப் பார்த்தேன். எப்போதும் பாதிக்குக் கீழே நிற்கிற முள், 'ஹெச்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அதற்கு முந்தைய மாதம் சங்கரன்கோவில் போகையில், "ஏங்க, பெட்ரோல் கம்மியா இருக்கே" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "ஓட்டுதவனுக்குத் தெரியாதா?" என்று ஒரே அதட்டல். அது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். நாலைந்து கிலோமீட்டர் அப்படியே போனது. ஏ.சி.யில் குளிர்ச்சி போய் வெறும் காற்று வந்தது. சர்க்கரைப் பாகு கருகுவது போல ஒரு தித்திப்பு வாடை. கல்லிடைக்குறிச்சிக்குச் சற்று முன்னால் பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

அந்த நாலைந்து கிலோமீட்டருக்குத்தான் பிறகு ஆயிரக்கணக்கில் கொடுத்தோம். முள் ஏறியதுமே ஓரம் கட்டியிருந்தால் ஒரு சின்ன ஸ்விட்சோடு போயிருக்கும் என்று மெக்கானிக் பின்னால் சொன்னபோது, நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கால்வாய்ப் பக்கம்தான், தண்ணீர் எடுக்கலாம் என்று இறங்கினால் கன்னடியன் கால்வாய் காய்ந்து கிடந்தது. ஜூனில் கார் சாகுபடிக்குத் திறந்தால்தான் தண்ணீர். (இது நெல் விளைகிற கார்!) டீக்கடையில் ஒரு குடம் வாங்கி வந்தார்கள். அதற்குள் இவர் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். ஆள் உயரத்துக்குக் கொதிநீர் பீச்சி அடித்தது. முகம் தப்பியது தெய்வாதீனம். இடது மணிக்கட்டு வெந்துபோனது.

டீக்கடை அம்மா பாவம், காப்பித்தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். நான் தடுத்துவிட்டு, அடிபம்பில் கையைக் காட்டச் சொல்லி இருபது நிமிஷம் தண்ணீர் ஓடவிட்டேன். காப்பித்தூள், பற்பசை, மாவு, வெண்ணெய் எதுவும் வெந்த இடத்தில் போடக் கூடாது. ஓடுகிற சாதாரணத் தண்ணீர், பிறகு சுத்தமான துணி, அப்புறம் டாக்டர். ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. கொப்புளம் ஒன்று வந்ததோடு போயிற்று.

குக்கர் மூடியும் ரேடியேட்டர் மூடியும்

ஆண்கள் இந்த விஷயத்தை ஏதோ மந்திரம் மாதிரிப் பேசுகிறார்கள். நம் சமையலறையில் தினம் நடப்பதுதான். குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை ஏறுகிறது இல்லையா? ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான் ஸ்பிரிங் வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறது. உள்ளே தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் நின்று எஞ்சின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. விசில் அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் என் கணவர் கைக்கும் ஆனது. முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு, மேல் குழாயைத் தொட்டால் கை பொறுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

இந்த மூடியைப் பற்றி ஒரு பெருமையும் உண்டு. 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது சென்னை சுந்தரம் பாஸ்ட்னர்ஸ். அது டி.வி.எஸ். குடும்பத்துக் கம்பெனி. அந்தக் குடும்பத்தின் மூலவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். ஆக, அமெரிக்காக்காரன் கார் கொதிக்காமல் பார்த்துக்கொண்டதில் நம் ஜில்லாவுக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டுக் காரைத்தான் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை!

எப்படி என்றால், வருஷக் கணக்காக ரேடியேட்டரில் போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்திருக்கிறோம். வெந்நீர் அண்டாவில் வெள்ளையாக உப்புப் படியுமே, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிட்டது. கூடவே விசிறியைப் போடும் ஸ்விட்சும் செத்துப்போயிருந்தது. மாருதி 800-ல் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. தண்ணீர் சூடேறியதும் அந்த ஸ்விட்ச்தான் அதைச் சுழல விட வேண்டும்.

விற்பதா, வைப்பதா?

வண்டியை மினி லாரியில் கட்டி இழுத்து ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். அங்கே பானட்டைத் திறந்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "எஞ்சினை முழுசா இறக்கணும், 38,000 ஆகும்" என்றார்கள். வண்டி வாங்கி விற்கும் ஒருவர் மறுநாளே வீடு தேடி வந்து, "இப்படியே குடுத்தா 20,000 தாரேன்" என்றார். இவருக்குச் செய்தி எப்படி எட்டியதோ!

வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர், எவ்வளவு ஆனாலும் சரி செய்வது என்றார். என் மகள் விற்றுவிட்டு ஆல்ட்டோ வாங்கச் சொன்னாள். பழைய ஆல்ட்டோ என்றாலும் சுமாராக இருப்பது ஒன்றே முக்கால் லட்சம் சொன்னார்கள். அத்தை கண்ணீர் விடுவார், புருஷன் வாங்கிய காரை விற்க விட மாட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மனுசனே போயிட்டாரு. தகரத்தக் கட்டிக்கிட்டு என்ன செய்ய? எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இத இப்ப செஞ்சா, ராத்திரி மேலச்செவல் பக்கம் நட்ட நடு ரோட்டுல என்னைய இறக்கி விடாதுல்லா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. 38,000 சொன்னவரிடமும் இல்லை, 20,000 சொன்னவரிடமும் இல்லை. எஞ்சினுக்குள் சூடு எதுவரை போயிருக்கிறது என்று தெரியாமல் செலவும் சொல்ல முடியாது, விலையும் சொல்ல முடியாது.

மாமனார் காலத்திலிருந்து வண்டி பார்த்த மெக்கானிக் ஒருவர் அம்பாசமுத்திரத்தில் இருந்தார். அவரிடம் கொண்டு போனோம். "மதினி, பிரிச்சுப் பாக்காம நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றார். "ஹெட்டக் கழத்திப் பாக்கக் கூலி 2,500. உள்ள கெட்டுக் கெடந்தா அதோட நிறுத்திக்கிடுங்க, பழைய இரும்புக்குப் போட்டுருங்க. நல்லா இருந்தா அந்த 2,500-ஐ வேலைக் கூலியில கழிச்சிக்கிடுதேன்."

வயிற்று வலி என்று போனவரை ஸ்கேன் எடுக்காமலே ஆபரேஷனுக்குப் படுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்வோமா? 2,500 போனாலும் போகட்டும், பிரியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பார்த்ததை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார். எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் டிகாக்ஷனில் பால் விட்ட மாதிரி, காப்பி நிறத்தில் நுரைத்து இருக்குமாம். எங்களுடையது கறுப்பாகத்தான் இருந்தது. அது முதல் ஆறுதல். பிறகு மேலே உள்ள ஹெட்டைக் கழற்றினார். மாருதி 800-ல் ஹெட் அலுமினியம். இரும்பைவிடச் சூட்டில் இரண்டு மடங்கு விரிகிற உலோகம் அது. தண்ணீர் வற்றிய அலுமினியப் பாத்திரம் அடுப்பில் இருந்தால் அடி வளைந்து ஆடுமே, அது போல ஹெட்டும் வளையும். ஒரு தலைமுடி கனத்துக்கு வளைந்தாலே போதும், ஹெட் கேஸ்கட் என்கிற நடுத் தகடு இறுக்கம் விட்டுப் புகையும் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்து, அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். கொஞ்சம் வளைந்திருந்தது. கேஸ்கட் ஓரிடத்தில் கருகியிருந்தது. ஹெட்டில் விரிசல் இல்லை.

கடைசியாக, மூன்று சிலிண்டர்களின் உள்சுவரையும் நகத்தால் தடவிப் பார்த்தார். என்னையும் தடவச் சொன்னார். கண்ணாடித் தம்ளர் உள்பக்கம் மாதிரி வழவழப்பு. "இதுல கோடு விழுந்திருந்தா அந்த முப்பத்தெட்டாயிரம் சரிதான். விழல. லேத்துல குடுத்து ஹெட்ட மட்டம் செஞ்சிட்டாப் போதும்" என்றார்.

தரை மிதியடியையும் தூக்கித் துரு ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொன்னேன். தரை இற்றுப்போன வண்டிக்கு எஞ்சின் பார்ப்பது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. எங்கள் வண்டி எப்போதும் தாழ்வாரத்தில் நின்றதால் தரை தப்பியது. பிரேக்கும் சரி.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். 20,000 பெறுகிற வண்டிக்குப் பதினேழாயிரம் செலவு செய்வது முட்டாள்தனம் என்று என் தம்பி போனில் சொன்னான். வண்டியின் விலையை வைத்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. எனக்கு வேண்டியது வண்டியின் விலையா? அத்தையை மாதம் ஒரு தடவை பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் வர வேண்டும். டாக்ஸி என்றால் 1,400, வருஷத்துக்கு 16,800. கல்யாணம், கோயில் என்று இன்னும் எட்டாயிரம் வைத்தால் சுமார் 25,000. சொந்த வண்டிக்கு அதே ஓட்டத்துக்குப் பெட்ரோல் ஐயாயிரத்துச் சொச்சம், இந்த அளவுக் காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 2,094, சில்லறை வேலைக்கு நாலாயிரம். மீதம் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம்.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான், பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் ஒரு தடவை செய்திருந்தோம். அப்போது 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. 2024-ல் எங்களுக்கு அந்தச் செலவு காத்திருந்தது. அதையும் சேர்த்துப் போட்டேன். வண்டி இரண்டு வருஷம் ஓடினால் பணம் திரும்பிவிடும், அதற்கு மேல் ஓடுவது லாபம் என்று கணக்கு வந்தது. 20,000-க்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் விற்றுவிடுவது என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டேன். இவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி அந்தக் கோட்டை இன்னொரு தடவை அழுத்திப் போட்டார்.

புதுக் கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 2021-ல் வந்த மத்திய அரசு திட்டப்படி, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பழைய வண்டியை உடைக்கக் கொடுத்து அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டால், புதுக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர இடம் உண்டு. எங்களுக்குப் புதுக் கார் கனவு இல்லாததால் அந்தப் பக்கம் போகவில்லை.

பில் வந்தது. புது ரேடியேட்டர் 3,200, வாட்டர் பம்ப் 1,100, கேஸ்கட் செட் 1,450, லேத் வேலை 900, தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள், பெல்ட், மூடி எல்லாம் சேர்த்து 1,650, விசிறி ஸ்விட்ச் 450, ஆயிலும் கூலண்ட்டும் 2,050, கூலி 6,500. ஆக 17,300. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ஐ 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்களே, சாமான் கிடைக்குமா என்று பயந்தேன். அதே 796 சி.சி. எஞ்சின் ஆம்னி வேனிலும் இருந்தது, அது 2019 வரை வந்தது. அதனால் பெரிய அலைச்சல் இல்லை. அம்பாசிடர் வைத்திருக்கும் எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சிதான் ஒரு ரப்பர் குழாய்க்கு மதுரை வரை போய் வருகிறார்.

வண்டியோடு ஒரு கேன் கூலண்ட்டும் வீட்டுக்கு வந்தது. பச்சை நிறம், பார்க்க ரோஸ்மில்க் கடை சர்பத் மாதிரி. குழந்தை உள்ள வீட்டுக்காரிகள் கவனியுங்கள். அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். தித்திக்கும் என்பதுதான் அதன் பொல்லாத்தனம். சின்னக் குழந்தைக்கு ஓரிரு மடக்கே ஆபத்து, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தெரியாமல் குடித்துவிட்டால் நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மிச்சம் இருப்பதைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்க எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள். வண்டிக்கு அடியில் சிந்தினாலும் நாய், பூனை நக்கும் முன் கழுவிவிடுங்கள்.

முள் ஏறும்போது என்ன செய்வது என்பதையும் அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். முதலில் ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டுமாம். மே மாதத்தில் ஹீட்டரா என்று சிரித்தேன். எஞ்சின் தண்ணீரின் சூடுதான் ஹீட்டர் வழியாக வெளியே வருகிறது, அதனால் நமக்கு வியர்த்தாலும் எஞ்சினுக்கு ஆறும். இதெல்லாம் ஓரம் கட்டுகிற வரைக்கும்தான். ஆவி தெரிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆறுவதற்கு முன் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், சுட்ட கண்ணாடியில் தண்ணீர் பட்ட மாதிரி ஹெட் விரிசல் விட்டுவிடும்.

2024-ல் ஆர்.சி.யைப் புதுப்பித்தோம். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ஆக்கினார்கள். அடுத்த முறை மறுபடி நோட்டை எடுக்க வேண்டியதுதான்.

அத்தைக்கு அதற்குப் பிறகு ராத்திரியில் இரண்டு தடவை மூச்சு இழுத்தது. இரண்டு தடவையும் கார்தான் கொண்டு சேர்த்தது. இப்போது நான் முன் சீட்டில் ஏறினால் முதல் வேலையாக முள்ளைப் பார்க்கிறேன். இவர் அதட்டுவதில்லை. பின் சீட்டிலிருந்து அத்தைதான் பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டு வருவார்: "ஏளா, முள்ளு எங்க நிக்கி?"